கச்சான் காற்றும் கோப்பியும்: திருகோணமலையில் அரை ஏக்கரில் நடலாமா?

உவர்மலையான்:

அனைவருக்கும் வணக்கம். தம்பலகாமத்துக்கு உட்புறமாக எங்கள் குடும்பத்துக்கு அரை ஏக்கர் செம்மண் காணி இருக்கிறது. தென்மேற்குப் பக்கம் முழுவதும் வயல்வெளி. வடகிழக்கு எல்லையில் அயலவரின் தென்னந்தோப்பு. கிணற்றில் ஓகஸ்ட் மாதத்திலும் நீர் உண்டு. கண்டிக்கு அண்மையில் உறவினர் ஒருவரின் வளவில் றொபஸ்டாக் கோப்பி பெரிய பராமரிப்பு எதுவுமின்றிக் காய்த்து நிற்பதைப் பார்த்த பிறகு, அதை இங்கும் நடலாமா என்ற எண்ணம் என்னை விடவில்லை. நான் விசாரித்த அலுவலர் ஒருவர், "இங்கே வெக்கை கூட, சரிவராது" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். வெக்கைதான் தடை என்றால் நிழல்மரம் வைத்து அதைக் குறைக்கலாம் அல்லவா? மழையும் எங்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் கிடைக்கிறது. கோப்பிக்கு 1,500 இருந்தால் ஓரளவு போதும் என்று வாசித்திருக்கிறேன். உண்மையான தடை எது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

கொட்டியாரம்:

தம்பி, அந்த அலுவலர் பிழையாகச் சொல்லவில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். அரபிக்கா இனக் கோப்பிக்கு ஆண்டுச் சராசரி வெப்பநிலை 18 முதல் 22 பாகை வரை இருக்க வேண்டும். றொபஸ்டா 22 முதல் 26 வரை விரும்பும், அதற்குச் சற்று மேலும் பொறுத்துக்கொள்ளும். திருகோணமலையின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 28 பாகை. உயரம் 1,000 மீற்றர் கூடினால் வெப்பநிலை சுமார் ஆறரைப் பாகை குறையும் என்ற கணக்கின்படி, அரபிக்கா நட வேண்டுமானால் உங்கள் காணியை ஆயிரம் மீற்றர் உயரத்துக்குத் தூக்கி வைக்க வேண்டும். ஆகவே அரபிக்காவை இப்போதே மறந்துவிடுங்கள். றொபஸ்டா வெப்பத்தைப் பொறுத்தவரை எல்லையில் நிற்கிறது. அந்த எல்லைக்கு வெளியே அதைத் தள்ளுவது கச்சான் காற்று.

மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை வீசும் இந்தக் காற்று ஏன் இவ்வளவு வறட்சியாக வருகிறது என்பதைக் கவனியுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது தன் ஈரத்தை மழையாக இறக்கிவிடுகிறது. நீராவி நீராகும்போது வெளிவரும் வெப்பத்தால் அது ஏறும் வழியில் மெதுவாகவே குளிர்கிறது. கிழக்கே இறங்கும்போதோ ஒவ்வொரு 100 மீற்றர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ ஒரு பாகை வீதம் விரைவாகச் சூடாகிறது. ஆகவே மேற்குக் கரையில் புறப்பட்டதைவிடச் சூடாகவும் வறண்டும் அது நம்மிடம் வந்து சேர்கிறது.

செடிக்கு இது எப்படித் தெரியும்? 22 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் உள்ள மலைநாட்டுக் காற்றில் நீராவிப் பற்றாக்குறை, அதாவது காற்று இன்னும் எவ்வளவு நீராவியை ஏற்கும் என்பதன் அளவு, அரை கிலோபஸ்கால்தான். நமது ஆடி மாதத்து நண்பகலில் 35 பாகையும் 50 வீதமும் என்று வைத்துக்கொண்டால் அதே பற்றாக்குறை 2.8 கிலோபஸ்காலைத் தொடுகிறது. இலையிலிருந்து நீரை இழுக்கும் வலிமை ஐந்து மடங்குக்கு மேல். கோப்பி மரநிழலில் வளர்ந்து பழகிய இனம். இத்தகைய இழுப்பு வந்தவுடன் அது இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். நீர் இழப்பு குறையும், ஆனால் உணவு தயாரிப்பும் அத்துடன் நின்றுவிடும். வேரடியில் நீர் தாராளமாக இருந்தாலும் இது நடக்கும். கிணற்று நீர் மண்ணை நனைக்கும், காற்றை நனைக்காது. நிழல்மரம் வெயிலைத் தடுக்கும், பக்கவாட்டில் வரும் வறண்ட காற்றைத் தடுக்காது.

மழையைப் பற்றியும் ஒரு சொல். 1,600 மில்லிமீற்றரில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையிலேயே கொட்டிவிடுகிறது. கோப்பிக்கு மொத்தத் தொகையைவிட வரிசை முக்கியம். முதலில் ஓரிரு மாத வறட்சி வர வேண்டும். அப்போது பூமொட்டுகள் உறங்கும். பிறகு ஒரு நல்ல மழை விழ வேண்டும். ஒரு கிழமை முதல் பத்து நாட்களுக்குள் பூ விரியும். அதன் பின் காய் பருக்கும் மாதங்களில் ஈரம் தொடர வேண்டும். பறிக்கும் காலத்தில் மழை ஓய்ந்திருக்க வேண்டும். நம் ஊரில் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வறட்சி. ஏப்ரல் இடிமழையில் பூ. அதுவரை சரி. காய் பருக்க வேண்டிய நேரத்தில் கச்சான் தொடங்கிவிடும், பழம் சிவக்கும் நேரத்தில் வடகிழக்கிலிருந்து வரும் வாடைமழை தொடங்கிவிடும். ஆக, இரண்டும் தலைகீழ்.

ஊவாச் சரிவு:

நான் பண்டாரவளைப் பக்கம். மலைநாடு என்றாலே கோப்பிக்குச் சுகம் என்று இங்கே சிலர் எண்ணுவது போலத் தெரிவதால் எழுதுகிறேன். நீங்கள் கச்சான் என்று சொல்லும் அதே தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டியவுடன் முதலில் எங்கள் சரிவுகளில்தான் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அந்த வறண்ட காற்றில் தேயிலைக் கொழுந்து மெதுவாக வளர்வதால்தான் ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணம் கிடைக்கிறது. தேயிலையில் நாம் பறிப்பது இலை. அது சற்று வருந்தினால் சுவை கூடுகிறது. கோப்பியில் நாம் பறிப்பது விதை. அது பருக்கும்போது மரம் வருந்தினால் உள்ளே பருப்பு சூம்பிப்போகும். ஒரே காற்று ஒரு பயிருக்கு வரமாகவும் இன்னொன்றுக்குத் தண்டனையாகவும் இருக்கிறது.

இலங்கையை 46 வேளாண் சூழல் உபவலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இவ்வளவு சிறிய தீவுக்கு அது மிகை என்று தோன்றலாம். என் கருத்தில் அதுவும் போதாது. எங்கள் பக்கத்தில் முகட்டில் நிற்கும் கோப்பி மரத்தின் காற்றுப்பக்க இலைகள் விளிம்பு கருகிக் கிழிந்து தொங்கும்போது, நடந்து போகும் தூரத்தில் உள்ள மடுவில் அதே வயதான மரம் கறுத்த பச்சையாக நிற்கும். மடு எப்போதும் நல்லது என்றும் சொல்ல முடியாது. நுவரெலியாப் பள்ளத்தாக்குகளின் அடியில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் குளிர்காற்று வழிந்து தேங்கி உறைபனி விழும். உறைபனியைக் கோப்பி ஒருபோதும் தாங்காது. 1975 ஜூலையில் பிறேசிலின் பரானா மாநிலத்தில் ஓர் உறைபனி கோடிக்கணக்கான மரங்களைக் கருக்கி, உலகச் சந்தை விலையையே உயர்த்தியது நினைவிருக்கலாம்.

உயரம் குறைந்த இடத்தில் நல்ல கோப்பி விளையும் உதாரணமாகப் பலர் ஹவாயின் கோனாவைக் காட்டுவார்கள். அங்கே மௌனா லோவா, ஹுவாலாலாய் என்ற இரு எரிமலைகள் வியாபாரக் காற்றை மறிக்கின்றன. காலையில் வெயில், பிற்பகலில் முகில், கோடைகாலத்தில் மழை. மேலும் கோனா மத்திய கோட்டிலிருந்து ஏறத்தாழ 19 பாகை வடக்கே உள்ளது, ஆகவே அங்கே வெக்கை குறைவு. திருகோணமலை எட்டரைப் பாகையில் உள்ளது. அவர்களுக்கு மலை காற்றை மறித்து ஈரத்தைத் தருகிறது. உங்களுக்கு மலை ஈரத்தை மறித்துக் காற்றைத் தருகிறது.

மூதூர்க் கமக்காரன்:

மேலே இருவரும் சொன்னது உண்மை. ஆனால் திருகோணமலை மாவட்டம் முழுவதையும் ஒரே இடமாகப் பேசுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. நிலாவெளி, குச்சவெளிக் கரையில் கச்சான் நாட்களிலும் பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்தால் வெக்கை தணியும். ஆனால் அங்கே மண் மணல், வாடைக்காலத்தில் கடலின் உப்புத்தூவல் இலையில் படியும். கோப்பி உப்புக்கு மிகவும் கூச்சப்படும் செடி. கந்தளாய்ப் பக்கம் மண் நல்லது, உப்பில்லை; ஆனால் கச்சான் பலமாக அடிக்கும் நாளில் கடற்காற்று அவ்வளவு தூரம் போய்ச் சேராது, வெப்பம் இறங்காது. கிண்ணியாவிலும் மூதூரிலும் ஒரு வளவுக்கும் அடுத்த வளவுக்கும் இடையில்கூட மரச்செறிவைப் பொறுத்து வேறுபாடு இருக்கும்.

தம்பலகாமம் இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. உவர்மலையான் தம் தென்மேற்கில் வயல்வெளி என்று எழுதியிருக்கிறார். அதைத்தான் அவர் முதலில் கவனிக்க வேண்டும். கந்தளாய்க் குளத்து நீரில் சிறுபோக வயல் பச்சையாக நிற்கும் வரை அதன் மேலாக வரும் காற்று சற்றுத் தணிந்தும் ஈரமாகவும் வரும். அறுவடை முடிந்து தரை வெளுத்த பிறகு அதே காற்று அனலாக வந்து மோதும். இடையில் அதைத் தடுக்க ஒரு மரமும் கிடையாது. நீர் போதாமல் சிறுபோகம் செய்யாத ஆண்டில் அந்த அனல் மே மாதத்திலேயே தொடங்கிவிடும். உங்கள் கோப்பியின் தலையெழுத்தில் பாதி அயலவரின் வயலில் எழுதப்பட்டிருக்கிறது.

உவர்மலையான்:

மிக்க நன்றி. அப்படியானால் என் கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். காற்றுத்தடுப்பு மரவேலி அமைத்தால் எவ்வளவு பயன் கிடைக்கும்? மதில் கட்டுவது பற்றியும் வீட்டில் பேச்சு வந்தது.

கொட்டியாரம்:

மதில் வேண்டாம். காற்று முழுமையாக மறிக்கப்பட்டால் மேலேறி, மறுபக்கத்தில் சுழன்று விழும். மதிலுக்கு அண்மையில் அமைதியாகவும் சற்றுத் தள்ளிக் குழப்பமாகவும் இருக்கும். பாதியளவு காற்றை ஊடுருவ விட்டு மீதியை மறிக்கும் மரவரிசையே சிறந்தது. அத்தகைய வரிசை தன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தைக் கணிசமாகக் குறைக்கும். அரை ஏக்கர் என்றால் ஏறத்தாழ 2,000 சதுர மீற்றர். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 45 மீற்றர் அளவு. ஆகவே ஆறு மீற்றர் உயரமான ஒரேயொரு வரிசை உங்கள் காணியைக் கடைசி வரை காக்கும். சிறிய காணியின் அனுகூலம் இது.

நமக்கு இன்னோர் அதிர்ஷ்டமும் உண்டு. கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது, வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. இரண்டும் ஒரே கோட்டில் எதிரெதிராக வீசுகின்றன. வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடும் வரிசைகள் இரண்டையும் குறுக்கே மறிக்கும். உங்கள் வடகிழக்கில் தென்னை இருப்பதாகச் சொன்னீர்கள். அதை நம்பிவிட வேண்டாம். தென்னையின் தலை அடர்த்தி, அடி வெறுமை. காற்று தண்டுகளுக்கிடையே புகுந்து, கோப்பி நிற்கும் உயரத்தில்தான் வேகமாக வரும். அந்தப் பக்கத்தில் பூவரசை அடியிலிருந்து கிளைக்கும்படி நெருக்கமாக ஊன்றுங்கள்.

தென்மேற்கு வரிசைக்கு மரம் தெரிவதில்தான் பலர் இடறுகிறார்கள். தேக்கு வறட்சியில் இலையுதிர்க்கும், அதாவது கச்சானுக்குக் கதவைத் திறந்துவிடும். சீமைக்கிளுவையும் வறண்ட மாதங்களில் இலையைக் கொட்டும். உள்ளே நிழலுக்கும் தழையுரத்துக்கும் அது நல்லது, எல்லைக் காவலுக்குத் தனியாகப் போதாது. வேம்பு ஏப்ரலுக்குள் புதுத்தளிர் விட்டு முழுக் கச்சானுக்கும் பச்சையாக நிற்கும். ஆகவே வேம்பை முதல் வரிசையாகவும், இடைவெளிகளில் பூவரசை அடிமறைப்பாகவும் வைக்கலாம். அகத்தி விரைந்து வளரும், பலத்த காற்றில் முறியும். வரிசையில் ஓரிடத்தில் வழிவிட்டால் அந்த இடைவெளியால் காற்று முன்னைவிட வேகமாகப் பாயும். படலையை வேறு பக்கத்தில் வையுங்கள். வேம்பின் வேர் கோப்பியின் நீரைக் களவெடுக்காமலிருக்க வரிசைக்கு உட்புறமாக ஒரு கான் வெட்டி, ஆண்டுதோறும் வேரை அறுத்துவிட வேண்டும்.

முதலில் மரவரிசை, ஈராண்டு கழித்துக் கோப்பி. இந்த ஒழுங்கை மாற்றினால் இளங்கன்று காற்றில் ஆடி ஆடி, அடித்தண்டைச் சுற்றி மண்ணில் ஒரு குழி விழும். பட்டை அந்த விளிம்பில் உரசி வளையமாகக் காயப்படும். மேலே பச்சையாகத் தெரியும் கன்று ஒரு நாள் காரணமில்லாமல் சாய்ந்தது போல விழும்.

பழங்கணக்கு:

விவாதத்துக்குச் சிறிது வரலாறும் உதவும். ஒல்லாந்தர் 1740ஆம் ஆண்டளவில் இத்தீவின் தாழ்நிலத்தில் கோப்பியைப் பயிரிட முயன்று கைவிட்டார்கள். ஆங்கிலேயர் மலைக்குக் கொண்டுபோன பிறகே அது பெருந்தோட்டமாயிற்று. அந்தத் தோட்டங்களுக்காகத்தான் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். வழியில் மாண்டவர்கள் ஏராளம். பின் 1869இல் இலைத்துரு நோய் தோன்றியது. அதை ஆராய 1880இல் வந்த தாவரவியலாளர் ஹரி மார்ஷல் வோர்ட், பசை பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் தொங்கவிட்டு, நோயின் வித்துகள் காற்றில் பறந்து வருவதைக் காட்டினார். மலைமலையாக ஒரே பயிர், குறுக்கே காடில்லை; பருவக்காற்று வித்துகளைச் சரிவுக்குச் சரிவு கொண்டுபோயிற்று. துருவுக்கு மாற்றாக 1870களில் தாழ்நில வெப்பத்தைத் தாங்கும் லைபீரிக்கா இனமும் கொண்டுவரப்பட்டது.

உவர்மலையானுக்கு இதிலிருந்து கிடைப்பது என்னவென்றால், துருவின் வித்து முளைக்க இலைமேல் நீர் நிற்க வேண்டும். கச்சான் மாதங்களில் அந்த ஆபத்துக் குறைவு. வாடை மாதங்களில் 25 பாகை வெப்பமும் நாள் முழுவதும் நனைந்த இலையும் கிடைப்பதால் ஆபத்து அதிகம். றொபஸ்டா பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

ஏர்க்கால்:

மன்றத்தில் எவரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். கொட்டியாரம் ஐயா சொன்ன பூக்கும், காய்க்கும் கால அட்டவணையை அப்படியே ஏற்கத்தான் வேண்டுமா? இந்தியாவின் குடகில் றொபஸ்டா செய்பவர்கள் மழை பிந்தினால் பெப்ரவரி, மார்ச்சில் தெளிப்புப் பாசனம் செய்து தாங்களே பூக்க வைக்கிறார்கள். இரண்டு மூன்று கிழமை கழித்து இன்னொரு முறை நனைத்துப் பிஞ்சைக் காப்பாற்றுகிறார்கள். கிணறுள்ள உவர்மலையான் அதையே ஆறு மாதம் தள்ளிச் செய்யலாம். ஓகஸ்டில் நீரை நிறுத்தி மொட்டுகளை உறங்க வைத்து, செப்டெம்பர் நடுவில் தெளித்துப் பூக்க வைத்தால், பிஞ்சு பருக்கும் நேரத்தில் வாடைமழை இலவசமாகக் கிடைக்கும். றொபஸ்டா முதிரப் பத்து மாதம் எடுக்கும். பழம் ஜூலையில் வரும். பறித்துக் காயவைக்க அதைவிட நல்ல வெயில் எந்த நாட்டில் இருக்கிறது?

கொட்டியாரம்:

நல்ல யோசனை; இந்த இழையில் வந்தவற்றில் இதுவே என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. ஆனால் மூன்று தடைகள் தெரிகின்றன. ஏப்ரல் இடிமழையை நீங்கள் நிறுத்த முடியாது. பெப்ரவரி, மார்ச்சில் நீர் விடாவிட்டால் அம்மழைக்கு மரம் தானாகவே பூத்துவிடும். ஆகவே அந்த இரு மாதமும் மண் காயாமல் பார்க்க வேண்டும். அடுத்து, டிசம்பர் நமக்குப் புயல் மாதம். 2000 டிசம்பர் 26இல் வந்த புயலும், 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்த புரேவியும் இளம்பிஞ்சுக் காலத்தில்தான் வந்திருக்கும். இறுதியாக, பருப்பு இறுகும் மே, ஜூன் மாதங்கள் கச்சானுக்குள்ளேயே விழுகின்றன. அந்தக் காலத்தில் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் நீர் போகும் என்று கணக்கிட்டால், அரை ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 10,000 லீற்றர். கிணறு வற்றுவதில்லை என்பதும் நாள்தோறும் 10,000 லீற்றர் தரும் என்பதும் வேறு வேறு. இவ்வளவுக்குப் பிறகும், இயற்கை அட்டவணையைவிட உங்கள் அட்டவணையே சிறந்தது என்று நான் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு குறிப்பு. றொபஸ்டா தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. வேறு மரத்தின் மகரந்தம் காற்றாலோ தேனீயாலோ வர வேண்டும். காற்றை முற்றாக அடைத்துவிடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பூ விரிந்த நாளில் பலத்த மழை பெய்தால் மகரந்தம் கெட்டுவிடும். ஆகவே ஒக்டோபர் மழைக்குக் காத்திராமல் செப்டெம்பரிலேயே பூக்க வைப்பது சரியானதே.

ஊவாச் சரிவு:

காயவைப்பது பற்றி மட்டும். ஏர்க்கால் சொன்ன வெயில் உண்மைதான். ஆனால் அளவுக்கு மிஞ்சிய வேகமும் கெடுதல். கச்சானில் பழத்தின் தோல் இறுகி உள்ளே ஈரம் அடைபட்டுவிடும். நண்பகலில் நிழலுக்கு இழுத்து, அடிக்கடி கிளறி, ஈரப்பதன் 11, 12 வீதத்துக்கு மெதுவாக இறங்கும்படி செய்யுங்கள். ஈரக்காற்றைக்கூடப் பயன்படுத்துபவர்கள் உண்டு. மங்களூர்ப் பண்டசாலைகளில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை பருவக்காற்று படும்படி கொட்டையைப் பரப்பி ஊதவைத்து, அதையே தனிச் சரக்காக விற்கிறார்கள்.

உவர்மலையான்:

அனைவருக்கும் நன்றி. என் தீர்மானம் இதுதான். அரை ஏக்கர் முழுவதும் கோப்பி என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன். வரும் மாரிக்குத் தென்மேற்கில் வேம்பும் பூவரசும், வடகிழக்கில் பூவரசும் வைக்கிறேன்; கிணற்றடியை ஒட்டிய பகுதியில் மட்டும் நாற்பது றொபஸ்டாவுக்கு இடம் ஒதுக்குகிறேன். மூன்று மீற்றர் இடைவெளியில் அதற்கு 360 சதுர மீற்றர் போதும். கொட்டியாரம் அண்ணாவின் கணக்குப்படி நாளுக்கு 1,800 லீற்றர், அதைக் கிணறு தாங்கும். கன்றுகளை எங்கே, எப்படித் தெரிந்து வாங்குவது?

மூதூர்க் கமக்காரன்:

ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில் இருக்கிறது. அங்கிருந்து விசாரிக்கத் தொடங்குங்கள். மரவரிசை எழும்பும் ஈராண்டுக்குள் அவசரப்பட வேண்டாம். ஒரே மரத்தின் தண்டிலிருந்து எடுத்த கன்றுகளை வாங்காமல், பல தாய்மரங்களின் விதையில் முளைத்தவற்றைக் கேளுங்கள்; இல்லாவிட்டால் நாற்பது மரமும் பூக்கும், காய் பிடிக்காது. கொண்டுவந்தவுடன் வெளியில் நட்டுவிடாமல், கிணற்றடி நிழலில் ஒரு மாதம் வைத்து நம் காற்றுக்குப் பழக்குங்கள். ஒக்டோபர் நடுப்பகுதியில் நட்டு, ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் தடி ஊன்றிக் கட்டுங்கள். கோப்பியின் உறிஞ்சுவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் ஓடும்; ஆகவே பெரும்போக அறுவடையில் கிடைக்கும் வைக்கோலை எரிக்க விடாமல் வாங்கி, ஏப்ரலுக்கு முன் அடியைச் சுற்றி ஒரு சாண் தடிப்பில் மூடுங்கள், ஆனால் தண்டில் முட்டாமல் நான்கு விரல் தள்ளி; முட்டினால் கறையான் ஏறும்.